ரீட்டாவின் பாட்டும் மைனாவின் வாயும்

"'இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் ஒரே இழுவை! கேட்டாக் கொட்டாவிதான் வருது. எங்க காலத்துச் சத்தம் இனிமே எவனுக்கும் வராது, எவளுக்கும் வராது!' இதுதானே நேத்து நீங்க சொன்னது? ஒரு எழுத்து பிசகாமச் சொல்லிட்டேனா இல்லையா?" என்று கேட்டது மைனா.

சொன்னதோடு விட்டதா? கொக்கின் குரலிலேயே சொன்னது. அதே கரகரப்பு, நடுவில் அதே செருமல். நாவல் மடுவில் தண்ணீர் குடிக்க வந்திருந்த அத்தனை பிராணிகளும் விழுந்து விழுந்து சிரித்தன.

கொக்கு நெட்டையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒற்றைக் காலில் நின்றுகொண்டே ஊரை அதட்டிப் பழகியது அது.

"என் குரல்லயே என்னைப் பழிக்கிறியா? ஏ சம்பூர்ணம்! உனக்கு வாய் ரொம்ப நீளம்!"

"உங்க மூக்கைவிடவா?" என்றது மைனா சம்பூர்ணம். "நீங்க சொன்னது தப்புன்னு சொல்றேன். அந்தச் சத்தம் இனிமே வராதுன்னு யார் சொன்னது? வரும்! வந்தாச்சு!"

"வந்தாச்சா? எங்கே, காட்டு பார்ப்போம்!"

மைனா சட்டென்று அலகை மூடிக்கொண்டது. வாயடைத்துப் போன மைனாவை அந்த மடுவில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

மைனா ஏன் வாயை மூடியது என்று தெரிய வேண்டுமானால், அன்று விடியற்காலையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் பழம் பொறுக்கப் போயிருந்தது சம்பூர்ணம். காய்ந்த முள்வேலி ஒன்றின் மேல் உட்கார்ந்து, 'இந்த ஊரில் சாப்பாடும் சரியில்லை, பாட்டும் சரியில்லை' என்று அலுத்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது.

டுக்கு டுக்கு டுக்கு டுக்கு!

மைனாவின் கழுத்து தானாக நிமிர்ந்தது. சுத்தியலால் தட்டியது போல் அத்தனை ஒழுங்கான தாளம். தாளத்தின் மேலே ஒரு குரல். குயில் போல இழுக்கவில்லை, தவளை போல அரற்றவில்லை. வெட்டி வெட்டி, பளிச்சுப் பளிச்சென்று விழுந்தது. ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் 'டியூங்' என்று ஒரு மினுமினுப்பு!

"டுக்கு டுக்கு! வெயிலே வெயிலே, வழியை விடு!
டுக்கு டுக்கு! நிழலே நிழலே, கொஞ்சம் இடம் கொடு!"

மைனாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்தச் சத்தம் அதற்குத் தெரியும்! நேரில் கேட்டதில்லை, பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தது. வெகு காலத்துக்கு முன் மலைமேல் அணை கட்ட மனிதர்கள் வந்து கூடாரம் போட்டார்களாம். அவர்களிடம் ஒரு பாட்டுப்பெட்டி இருந்ததாம். அதில் மேளமும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. மின்சாரத்தைப் பிடித்துப் பாடவிட்டது போல டிஷ்ஷ்யூம், டியூங் என்று ஒரு சத்தம் வருமாம். அதைக் கேட்டு மடுவே ஆடியதாம்! முயல் குட்டிக்கரணம் போட்டதாம். ஆமைகூட ஆடியதாம். அணை கட்டி முடிந்தது, பெட்டி போனது, சத்தமும் போனது. அன்றிலிருந்து மடுவில் யார் பாடினாலும், "என்ன இருந்தாலும் அந்தக் காலம் போல வருமா!" என்று ஒரு பெருமூச்சு. புதிதாகப் பாட வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பெருமூச்சைக் கேட்டே தொண்டை கட்டிவிட்டது.

அந்தச் சத்தம் இதோ, ஒரு முள்மரத்தின் உச்சியிலிருந்து வருகிறது! ஆனால் பாட்டு பழையது இல்லை. சத்தம் பழசு, பாட்டு புத்தம் புதுசு!

மைனா பறந்து போய்ப் பார்த்தது. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்புப் பொட்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. ஒரு குக்குறுவான் குருவி!

"ஏய்! நீயா பாடினே? இன்னொரு தடவை பாடு! இல்லை, இரு, நான் மூச்சு வாங்கிக்கறேன். சரி, இப்போ பாடு!"

குருவி சிரித்தது. மறுபடி பாடியது. மைனா கிளையில் குதித்தது, தலைகீழாகத் தொங்கியது, இறக்கையை அடித்துக்கொண்டது. பாட்டு முடிந்ததும் மூச்சிரைக்கக் கேட்டது:

"உன் பேர் என்ன? எங்கேயிருந்து வர்றே? இதை எங்கே கத்துக்கிட்டே?"

"என் பேர் ரீட்டா, அக்கா. மலைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். அங்கே மனுஷங்க விட்டுட்டுப் போன தகரக் கொட்டகை ஒண்ணு இருந்துச்சு. மழை பெஞ்சா, காத்தடிச்சா, அதுலேர்ந்து விதவிதமாச் சத்தம் வரும். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் என் தொண்டை இப்படி ஆயிருச்சு. போன மாசம் காட்டுத்தீயிலே என் மரம் எரிஞ்சுபோச்சு. வழியெல்லாம் இந்தப் பாட்டைக் கட்டிக்கிட்டே வந்தேன்."

"நாவல் மடுவுக்கு வந்துடேன்! அங்கே பட்டுப்போன முருக்க மரம் ஒண்ணு சும்மா நிக்குது. பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கும். நீ பொந்து குடையலாம்!"

"அந்த மரத்துக்காகத்தான் அக்கா காத்துக்கிட்டிருக்கேன். என் அலகுக்குக் குடையற மாதிரி வேற மரம் இந்தப் பக்கமே இல்லை. மழை வந்துட்டா பொந்து இல்லாம நான் தாங்க மாட்டேன். இடம் கேட்கிற அந்தியிலே பாடணும்."

மைனாவுக்கு அது தெரியும். நாவல் மடுவின் வழக்கம் அது. முன்னொரு காலத்தில் வெளியூர்க் குயில் ஒன்று யாருடைய பாட்டையோ திருடிக்கொண்டு வந்து பாடி, மாமரம் முழுவதையும் வளைத்துப் போட்டுவிட்டது. அதிலிருந்து ஒரு விதி. வெளியிலிருந்து வருகிறவர் ஓடைக்கு அந்தப் பக்கமே தங்க வேண்டும். முதல் மழைக்கு முந்தைய அந்தியில் மடுவுக்கு வந்து, எல்லார் முன்னாலும் ஒரே ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது மடு அதுவரை கேட்டிராத பாட்டாக இருக்க வேண்டும். பாடும்போது அடுத்த அடியை மடுவில் யாராவது முந்திக்கொண்டு பாடிவிட்டால், அது கேட்ட பாட்டு. கேட்ட பாட்டுக்கு மரம் கிடையாது. வந்த வழியே போக வேண்டியதுதான்.

"அக்கா, ஒரே ஒரு உதவி," என்றது ரீட்டா. "அந்த அந்தி வரைக்கும் இதை யார்கிட்டேயும் பாடிடாதே. என்கிட்டே இருக்கிறது இந்த ஒரு பாட்டுதான். அப்புறம் நீ எங்கே வேணும்னாலும் பாடு, எவ்வளவு வேணும்னாலும் பாடு!"

"அட, என்னை யார்னு நினைச்சே? நானாவது வாயைத் திறக்கிறதாவது!" என்றது மைனா. மனப்பூர்வமாகத்தான் சொன்னது.

அதனால்தான் கொக்கு "எங்கே, காட்டு" என்றதும் வாயை மூடிக்கொண்டது.

கொக்கு விடுமா? "பார்த்தீங்களா! வாய்ச்சொல்தான்! கேட்டுட்டாளாம், வந்தாச்சாம்! இவ கேட்டது ஏதாவது மரவட்டை நடக்கிற சத்தமா இருக்கும்!"

மடுவே கொல்லென்று சிரித்தது. மைனாவுக்கு நெஞ்சுக்குள் பாட்டு முட்டிக்கொண்டு நின்றது. தும்மலை அடக்கிவிடலாம், இதை அடக்க முடியாது போலிருந்தது. 'ஒரு அடி. ஒரே ஒரு அடி. மீதியைப் பாட மாட்டேன். பேரையும் சொல்ல மாட்டேன். அப்போ வாக்குத் தவறினதா ஆகாது' என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டது. வாயைத் திறந்தது.

"டுக்கு டுக்கு! வெயிலே வெயிலே, வழியை விடு!"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

காது விறைத்துக்கொண்டு நின்றது முயல். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியது ஆமை பாறையம்மா. அந்த மடுவில் எல்லாருக்கும் மூத்தது, வழக்குத் தீர்ப்பதும் அதுதான். அதன் சின்னக் கண்கள் பளபளத்தன. "இது... இது அந்தச் சத்தம்!" என்றது.

எப்போதும் மடக்கி வைத்திருக்கும் நெட்டையனின் இன்னொரு கால் மெதுவாகக் கீழே இறங்கி, தண்ணீரில் தளக் தளக் என்று தாளம் போட்டது!

"அக்கா! அக்கா! அடுத்த அடி என்ன?" என்று மரத்திலிருந்து குதித்து ஓடி வந்தது அணில் முத்தம்மா.

"சொல்ல மாட்டேன்!"

"இதை யார் பாடினா?"

"அதையும் சொல்ல மாட்டேன்! பொறுத்திருந்து பாருங்க. எல்லாருக்கும் முந்தி நான்தான் கேட்டேன், அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க!"

அடடா, அன்று மைனாவுக்குக் கிடைத்த மரியாதை! அத்திப்பழத்தைப் பிட்டு வாயில் வைக்காத குறை. நேற்றுவரை 'வாயாடி' என்றவர்கள் இன்று 'சம்பூர்ணம் வந்தாச்சா?' என்று வழி பார்த்தார்கள். மறுநாள் முத்தம்மா ஓடிவந்து காலைப் பிடித்தது.

"அக்கா, அந்த முதல் அடி மட்டும் தலைக்குள்ளே சுத்திக்கிட்டே இருக்கு! தூக்கமே வரலை. ரெண்டாவது அடியைச் சொல்லிடு. நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன், சத்தியம்!"

அணில் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுவதும் சல்லடை தண்ணீரைக் காப்பாற்றுவதும் ஒன்றுதான். அது மைனாவுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் பாடியது. பாடும்போது முத்தம்மாவின் வால் சிலிர்த்துக்கொண்டு நின்றதே, அதைப் பார்க்கும் சுகத்துக்காகப் பாடியது.

அப்புறம் முயலுக்கு ஒரு அடி. மான்களுக்கு ஒரு அடி. தவளைகளுக்கு அந்த 'டியூங்' மட்டும். கொஞ்ச நாளில் மடுவெங்கும் அதே பேச்சு! யாரிடம் கேட்டது என்று மைனா சொல்லாததால், 'கேட்டேன்னு சும்மா சொல்றா, இது அவளே கட்டின பாட்டுதான்' என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். காட்டுக்கோழி டுக்கு டுக்கு என்று நடக்கப் பழகியது. குரங்குக் குட்டிகள் கிளையை வெட்டி வெட்டி ஆட்டின. "நான் ரெண்டு அடி கேட்டுட்டேன்!" "போடா, நான் மூணு அடி கேட்டுட்டேன்!" என்று சண்டை வேறு.

மைனா தினமும் ஓடையைத் தாண்டிப் போய் ரீட்டாவைப் பார்த்தது.

"ரீட்டா! ஊரே உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு!"

ரீட்டா தலையைச் சாய்த்தது. "என்னை அவங்களுக்குத் தெரியாதே, அக்கா?"

"அது... பாட்டுக்காரி ஒருத்தி வரப் போறான்னு பொதுவாச் சொல்லிவெச்சேன்."

"பாட்டைப் பாடலையே?"

"சேச்சே! என்ன பேச்சு பேசறே!"

ரீட்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "முருக்க மரத்திலே எந்தப் பக்கம் குடையலாம், அக்கா? கிழக்கே வாசல் வெச்சா காலையிலே வெயில் வரும் இல்லே?" என்று கேட்டது. மைனாவும் "கிழக்கேதான், கிழக்கேதான்!" என்றது. திரும்பிப் பறக்கும்போது மட்டும் 'இனிமே பாடக் கூடாது' என்று நினைத்துக்கொண்டது. மடுவுக்கு வந்து நாலு பேர் "அக்கா, பாடு!" என்றதும் அதுவும் மறந்துவிட்டது.

மேகம் திரண்டது. இடம் கேட்கிற அந்தி வந்தது.

கரையில் நிற்க இடமில்லை. மடுவிலுள்ள எல்லாரும் வந்தாயிற்று. பாறையம்மா கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. நெட்டையன் முன்வரிசையில், இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு! 'பாருங்க, பாருங்க, இவளைத்தான் நான் கண்டுபிடிச்சேன்!' என்று மைனாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

ரீட்டா ஓடையைத் தாண்டி வந்து தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. இத்தனூண்டு குருவி. அத்தனை கண்களையும் பார்த்து ஒரு கணம் தயங்கியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது.

டுக்கு டுக்கு டுக்கு டுக்கு!

"ஆஆ!" என்றது கூட்டம்.

"வெயிலே வெயிலே, வழியை விடு!"

கூட்டம் எழுந்துவிட்டது! குரங்குகள் குதித்தன, மான்கள் குளம்பைத் தட்டின, தவளைகள் எல்லாம் சேர்ந்து 'டியூங்' என்றன! ரீட்டா கண்ணைத் திறந்து பார்த்தது. இப்படி ஒரு வரவேற்பை அது கனவிலும் கண்டதில்லை. சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்கு மூச்சை இழுத்தது.

"டுக்கு டுக்கு! நிழலே நிழலே—"

"கொஞ்சம் இடம் கொடு!"

பாடியது ரீட்டா இல்லை. மடு முழுவதும் பாடியது! முயலும் மானும் முத்தம்மாவும் நெட்டையனும், ஆடிக்கொண்டு, கத்திக்கொண்டு, ஒரே குரலாக!

ஆட்டம் இன்னும் கொஞ்சம் தொடர்ந்தது. பிறகு ஒவ்வொருவராக நின்றார்கள். முதலில் நின்றது முத்தம்மா. அதன் கை தன் வாயைப் பொத்திக்கொண்டது. கடைசியாக நெட்டையன்.

பாறையம்மா மெல்லக் கேட்டது: "இந்தப் பாட்டை இதுக்கு முன்னே எங்கே கேட்டீங்க?"

"சம்பூர்ணம் பாடிக் கேட்டோம்," என்றன எல்லாம், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்போ இது கேட்ட பாட்டு," என்றது பாறையம்மா. "குருவியம்மா, நீ ரொம்ப நல்லாப் பாடறே. அந்தக் காலத்துக்கே என்னைக் கூட்டிட்டுப் போயிட்டே. ஆனா எங்க மைனாவோட பாட்டைப் பாடி இங்கே மரம் கேட்க முடியாது."

"இல்லை!" மைனா பறந்து வந்து கல்லின் மேல் விழுந்தது. "இது என் பாட்டு இல்லை! இவளோட பாட்டு! நான்தான் இவகிட்டேயிருந்து எடுத்துப் பாடினேன். பாட மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டுப் பாடினேன்! தப்பு என்னோடது. மரத்தைக் கொடுத்துடுங்க!"

கூட்டம் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டது. முத்தம்மாவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பார்த்தீங்களா! எங்க அக்காவுக்கு எத்தனை பெரிய மனசு! ஒரு வெளியூர்க் குருவிக்கு இடம் கிடைக்கணும்னு தன் சொந்தப் பாட்டையே தூக்கிக் கொடுக்கிறா!"

"ஐயோ, மனசும் இல்லை மண்ணும் இல்லை! நிஜத்தைச் சொல்றேன்!"

"போதும், சம்பூர்ணம்," என்றது நெட்டையன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அதன் பேச்சில் மரியாதை இருந்தது. "உன்னை என்னவோன்னு நினைச்சேன். நீ பெரிய மனுஷி."

மைனா கொக்கைப் பார்த்தது, ஆமையைப் பார்த்தது, மறுபடி கத்தியது. கத்தக் கத்த, அதன் பெருந்தன்மையைக் கூட்டம் இன்னும் புகழ்ந்தது. 'எல்லாருக்கும் முந்தி கேட்டேன்' என்று மார்தட்டிய வாய், யாரிடம் கேட்டேன் என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்ததா? இல்லையே! இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

ரீட்டா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. மைனாவைத் திட்டவில்லை. ஒரு தடவை முருக்க மரத்தைப் பார்த்தது, அதன் கிழக்குப் பக்கத்தை.

"அக்கா," என்றது, "நீ என்னைவிட நல்லாப் பாடியிருக்கே போலிருக்கு. எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிருக்கே."

அவ்வளவுதான் சொன்னது. சிறகை விரித்தது. வந்த வழியே மலைப்பக்கம் பறந்தது. ஒரு பச்சைப் புள்ளி, பிறகு அதுவும் இல்லை.

முதல் துளி விழுந்தது. மடுவே மகிழ்ச்சியில் துள்ளியது. "மழை! மழை! சம்பூர்ணம், பாடு! அந்தப் பாட்டைப் பாடு!" என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

மைனா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஓடைக்கரை மரத்தின் உச்சிக்கு ஏறி, மலையைப் பார்த்து, தொண்டை கிழியக் கூப்பிட்டது:

"ரீட்டா! விதி கிடக்கட்டும் ரீட்டா! என் பொந்தை நீ எடுத்துக்கோ, நான் கிளையிலே நனைஞ்சுக்கறேன்! எங்கே இருக்கேன்னு மட்டும் சொல்லு! ஒரே ஒரு 'டுக்கு' சொல்லு, போதும்!"

மலையை மழை மூடியது. மழைச் சத்தம்தான் கேட்டது.

பிறர் திறமையைக் கண்டு துள்ளுவது நல்ல மனசு. 'முதலில் கண்டது நான்' என்று காட்டிக்கொள்ள அவர்கள் பேரை விழுங்கிவிட்டுத் துள்ளினால், கடைசியில் அவர்களுக்கே இடமில்லாமல் போகும்.